லா பிரேயா தார்க்குழி எலும்புகளை எப்படிப் படிக்கிறார்கள்?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுவே உள்ள லா பிரேயாவில், குளத்தில் மூழ்கித் தவிக்கும் மாமூத் (அழிந்துபோன யானையினம்) சிலை ஒன்று உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படியல்ல. அந்தக் குளம் 19ஆம் நூற்றாண்டில் தார் வெட்டியெடுத்த பள்ளம். விலங்குகளைப் பிடித்தது தரையில் சில சென்டிமீட்டர் கனத்துக்குப் பரவிக் கிடந்த தார்.

நிலத்தடி எண்ணெய் விரிசல் வழியே மேலே கசியும். லேசான பகுதி ஆவியாகிவிட, பிசுபிசுப்பான மிச்சம் தங்கும். வெயிலில் அது இளகும். மேலே தூசியும் சருகும் மூடியிருக்கும். அதில் கால் வைத்த காட்டெருமையைத் தின்ன வந்த ஓநாய்களும் வாள்பல் பூனைகளும் தாமும் ஒட்டிக்கொண்டன. இங்கே கிடைத்த பெரிய பாலூட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஊனுண்ணிகளாக இருப்பது இதனால்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை பத்து விலங்குகள் சிக்கினாலே, 30,000 ஆண்டுகளில் இத்தனை எலும்பும் சேர்ந்துவிடும்.

1913 முதல் 1915 வரை தோண்டியவர்கள் பெரிய எலும்புகளிலேயே கண்ணாக இருந்தார்கள். விதை, பூச்சி, எலிப்பல் எல்லாம் பெரும்பாலும் குப்பைக்குப் போயின. அதை ஈடுகட்டவே 1969இல் 91ஆம் குழியை மீண்டும் திறந்தார்கள். இப்போது எலும்பை எடுக்குமுன் அதன் இடம், ஆழம், கிடக்கும் சாய்வு மூன்றையும் அளந்து குறிக்கிறார்கள். ஒட்டியிருக்கும் தார்மண்ணைக் கரைப்பானில் ஊறவைத்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள சல்லடையில் சலித்து, மிஞ்சியதை உருப்பெருக்கியின் கீழ் பொறுக்குகிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அன்றைய தட்பவெப்பத்தைச் சொல்வதோ இந்தப் பொடிகள்தான்.

முழு எலும்புக்கூடு அரிது. தார் மெல்ல நகர்வதால் எலும்புகள் கலைந்து, ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தைப் பல்தடமென்று எண்ணிவிடக்கூடாது.

வயதுக் கணிப்பில்தான் பெரிய சிக்கல். எண்ணெய் பல லட்சம் ஆண்டுப் பழையது. எலும்பில் மிஞ்சியுள்ள கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனை அளந்தே வயதைக் கணிக்கிறார்கள்; காலம் போகப்போக அது குறையும். பழைய எண்ணெயிலோ அது துளியும் இல்லை. மாதிரியிலுள்ள கார்பனில் 10 விழுக்காடு எண்ணெயிலிருந்து வந்ததாக இருந்தால், வயது ஏறத்தாழ 850 ஆண்டு கூடுதலாகக் காட்டும். ஆகவே பல சுற்றுக் கரைப்பான்களால் எண்ணெயை நீக்கி, எலும்பிலுள்ள கொலாஜன் புரதத்தை மட்டும் பிரித்து அளக்கிறார்கள்.

கொலாஜனைக் காத்த தார், டி.என்.ஏ.வைக் காக்கவில்லை. டயர் ஓநாய் (dire wolf) என்னும் அழிந்துபோன ஓநாயினம் மட்டுமே 4,000க்கு மேல் கிடைத்த இடம் இது. ஆனாலும் 2021இல் வெளியான அந்த ஓநாயின் மரபணு ஆய்வுக்கு ஐடஹோ, ஒஹாயோ, டென்னசி, வயோமிங் ஆகிய வேறு அமெரிக்க மாநிலங்களின் எலும்புகளே கைகொடுத்தன. லா பிரேயா மாதிரி தந்தது புரதம் மட்டும்.