புரோபயாடிக்: நலநுண்ணுயிரி என்று சொல்வோம்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மருத்துவ முகாம்களில் கொடுக்கும் தமிழ்த் துண்டறிக்கைகளில் ‘குடலில் உள்ள நல்ல அணுக்கள்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மோர் குடித்தால் நல்ல அணுக்கள் பெருகுமாம், ஆன்டிபயாடிக் மாத்திரையால் நல்ல அணுக்கள் அழியுமாம். சொல்ல வந்தது புரோபயாடிக் பற்றியும் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் பற்றியும்தான். படிப்பவருக்குப் போய்ச் சேருவது வேறு ஏதோ.

முதலில் சொல்லின் வரலாறு. ‘புரோ’ லத்தீன், ‘பயோஸ்’ கிரேக்கம். உயிருக்கு ஆதரவானது என்பது பொருள். ஜெர்மானியரான வெர்னர் கொல்லாத் 1953இல் இதையொட்டிய சொல்லைப் புழங்கினார். 1965இல் லில்லி, ஸ்டில்வெல் இருவரும் ஒரு நுண்ணுயிரி சுரந்து இன்னொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். இன்றைய பொருள் 2001இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு வகுத்தது: போதிய அளவில் கொடுக்கும்போது, உட்கொள்பவருக்கு உடல்நலப் பயன் தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள். உயிர், அளவு, பயன் என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது புரோபயாடிக் ஆகாது.

இனி ‘நல்ல அணு’வுக்கு வருவோம். இது மலையாளத்திலிருந்து எழுத்தை மட்டும் மாற்றிக் கொண்டுவந்த சொல். அங்கே நுண்ணுயிரிக்கு ‘சூக்ஷ்மாணு’, நோய்க்கிருமிக்கு ‘ரோகாணு’, தொற்றுக்கு ‘அணுபாத’, தரை கழுவும் திரவத்துக்கு ‘அணுநாசினி’. அவர்கள் மொழியில் ‘அணு’ அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் ‘அணு’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கு இயற்பியல் பாடம். உடம்போடு சேர்த்துச் சொன்னால் சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு, உயிரணு. எல்லாமே நம் உடம்புக்குச் சொந்தமானவை. குடலில் குடியிருக்கும் பாக்டீரியா ஒரு தனி உயிர். அதை நம் உடம்பின் துண்டு போலக் காட்டிவிடுகிறது இந்தச் சொல்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகளுக்கு ரத்தசோகை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒரு கையிலும் இந்த நோட்டீசை மறு கையிலும் வைத்துக்கொண்டு, “மோரு குடிச்சா ரத்தத்துல அணு கூடுங்ளா? அப்பறம் இந்த மாத்திரை எதுக்குங்க?” என்று கேட்டார். அவர் படித்தது சரி, எழுதியதுதான் தவறு. நல்ல அணு கூடும் என்று அச்சில் இருக்கும்போது அவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

அறிவியல் செய்தியும் இந்தச் சொல்லால் குலைந்துபோகிறது. 2016இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி மனித உயிரணுக்களும் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருக்கின்றன. அந்த மனித உயிரணுக்களில் மிகப் பெரும்பாலானவை சிவப்பணுக்கள். இரண்டு பக்கத்துக்கும் ‘அணு’ என்று போட்டு இதை எழுதிப் பாருங்கள், எது எதைவிட அதிகம் என்றே தெரியாது.

‘நல்ல பாக்டீரியா’ என்பது இதைவிடத் தேவலை, ஆனாலும் போதாது. சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் புரோபயாடிக்காகக் கொடுக்கப்படுகிறது, அது பாக்டீரியாவே அல்ல. குடலில் ஏற்கெனவே இருந்து நன்மை செய்யும் பாக்டீரியா எல்லாம் புரோபயாடிக்கும் அல்ல. இன்ன வகை, இவ்வளவு எண்ணிக்கை, இன்ன பயன் என்று ஆய்வில் காட்டிய பிறகே அந்தப் பெயர் பொருந்தும். வீட்டில் உறைமோர் விட்டுத் தோய்த்த தயிரிலும் பழங்கஞ்சியிலும் உயிருள்ள நுண்ணுயிரிகள் ஏராளம். அவை நல்ல உணவு, நானும் விடாமல் சாப்பிடுகிறேன். ஆனால் அதில் எந்த வகை, எத்தனை என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே அவற்றை ‘நொதித்த உணவு’ என்று சொல்வதே நேர்மை.

உயிர் இருக்கிறதா இல்லையா என்பதும் வெறும் சொல்விளையாட்டு அல்ல. பெல்ஜியத்தில் நடந்து 2019இல் வெளியான சிறு ஆய்வில், உடல் எடை மிகுந்த 32 பேர் மூன்று மாத முடிவுவரை பங்கேற்றார்கள். அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியாவைச் சூடாக்கிக் கொன்று கொடுத்தபோதுதான் உடல் இன்சுலினுக்கு இணங்குவது தெளிவாக மேம்பட்டது. இறந்த பாக்டீரியா புரோபயாடிக் ஆகாது. அந்த வகைக்குப் போஸ்ட்பயாடிக் என்ற பெயருக்கு 2021இல் தனி வரையறை வந்தது. ‘நல்ல அணு’வை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

எல்லையில் மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு உள்ள வருத்தம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிதானே என்று எழுத்தை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். மலையாளத்தில் ‘வெள்ளம்’ தண்ணீர், தமிழில் அது ஊரை அடித்துக்கொண்டு போவது. ‘தினமும் நிறைய வெள்ளம் குடிக்கவும்’ என்று அச்சிடுகிறார்கள். ‘பிரமேஹம்’ அங்கே சர்க்கரை நோய். நம் ஊர்ப் பெரியவர்கள் காதில் ‘பிரமேகம்’ மேகநோயாக, பால்வினை நோயாக விழுகிறது. சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டிய தாளில் இந்தச் சொல்லைப் போட்டால், எந்தப் பாட்டி வரிசையில் வந்து நிற்பாள்? வளர்சிதைமாற்றம் என்று வர வேண்டிய இடத்தில் ‘சீரணம்’ என்று எழுதுவதும் இதே அவசரம்தான். சீரணம் குடலில் உணவு உடைவது. வளர்சிதைமாற்றம் உடல் முழுவதும் அந்தச் சத்தைச் செலவழிப்பதும் சேமிப்பதும்.

புரோபயாடிக்குக்கு ‘நலநுண்ணுயிரி’ என்பதே என் தேர்வு. ‘நுண்ணுயிரி’ பாடநூல் வழியாக எல்லோருக்கும் தெரிந்த சொல், பாக்டீரியாவும் ஈஸ்டும் அதில் அடங்கும். ‘உயிர்’ சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, பயனை ‘நலம்’ சொல்லிவிடும். அளவை மட்டும் சொல்லால் காட்ட முடியாது, அதைப் பொட்டலத்தில் எண்ணாகப் போடட்டும். குடலில் வாழ்பவை மொத்தத்துக்கும் ‘குடல் நுண்ணுயிர்த் தொகுதி’. அவற்றுக்குத் தீனியாகும் நார்ச்சத்து போன்ற பிரீபயாடிக்கை ‘முன்னுயிரி’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம், அது உயிரியே அல்ல. ‘நுண்ணுயிர் ஊட்டம்’ என்றால் வேலை தெளிவாகிறது.

அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது அந்த வரியை இப்படி மாற்றினால் போதும்: ‘ஆன்டிபயாடிக் மாத்திரை குடல் நுண்ணுயிர்த் தொகுதியையும் பாதிக்கும். நலநுண்ணுயிரி மருந்து தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். தயிரும் மோரும் உணவாகச் சாப்பிடலாம். ரத்தசோகைக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்.’