வாடிக்கையாளர் போய்விட்டார், டிஎன்எஸ் பதிவு போகவில்லை

மறுபடியும் அதே கேஸ். ஒரு நிறுவனம் தன் டொமைனில் 'ஷாப்' என்று ஒரு சப்டொமைன் (டொமைனின் கீழ் வரும் கிளைப்பெயர்) வைத்து, டிஎன்எஸ்ஸில், அதாவது பெயர் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) போட்டு, அதை வெளியே ஒரு இணையதளச் சேவையின் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. பிறகு சேவை வேண்டாம் என்று கணக்கை மூடினார்கள். சிநேம் பதிவை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. சில மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் அதே சேவையில் புதுக் கணக்கு தொடங்கி, "என் டொமைன் இதுதான்" என்று அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்தார். பெயர் தன் சர்வரைத்தான் காட்டுகிறது என்று பார்த்ததும், சேவை தானாகவே அந்தப் பெயருக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் (பிரவுசர் பாதுகாப்பான இணைப்பு என்று ஏற்பதற்கான சான்று) வாங்கிப் பொருத்திவிட்டது. நிறுவனத்தின் சொந்தப் பெயரில், பிரவுசர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல், ஒரு போலி லாகின் பக்கம் தயார்.

இதில் யாருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. எந்த சர்வரும் உடைக்கப்படவில்லை. எல்லா மென்பொருளும் எழுதிவைத்தபடியே வேலை செய்தது. எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

அப்புறம் வழக்கமாக வரும் கேள்வி: "முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்ததே, அந்தப் பக்கம் எப்படிப் போலியாகும்?"

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். தானியங்கி முறையில் கிடைக்கும் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்று: கேட்ட நேரத்தில் அந்தப் பெயர் யார் கட்டுப்பாட்டில் இருந்ததோ, அவரிடம் இது கொடுக்கப்பட்டது. அவர் நல்லவரா, நிறுவனத்தின் ஆளா, நேற்று கணக்கு தொடங்கியவரா என்பதை, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு விசாரிப்பதில்லை. விசாரிப்பதாக அவர்கள் சொன்னதும் இல்லை. அந்தப் பெயரில் குறிப்பிட்ட முகவரியில் ஒரு சிறு கோப்பை வைக்கச் சொல்வார்கள், வந்து பார்ப்பார்கள், இருந்தால் சான்றிதழ். பெயர் சேவையின் சர்வரைக் காட்டினால் கோப்பை வைக்கப் போவதும் அந்தச் சேவைதான். ஆகவே சோதனை கண்டிப்பாகத் தேறும். தபால் உறை நன்றாக ஒட்டியிருக்கிறது என்பதால் எழுதியவர் நல்லவராகிவிடுவதில்லை. வழியில் யாரும் பிரித்துப் படிக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். பூட்டும் அவ்வளவுதான். பூட்டின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம் பேர்தான் என்று கூகுள் 2021-இல் நடத்திய ஆய்வில் தெரிந்தது. 2023 செப்டம்பரில் குரோமின் 117-ஆம் பதிப்பில் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டையே எடுத்துவிட்டார்கள். இதற்குப் பிறகும், வாடிக்கையாளருக்கு அனுப்பும் மடலில் "பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நம்பலாம்" என்று எழுதும் நிறுவனங்கள் இருக்கின்றன. இனியாவது அந்த வரியை நீக்குங்கள்.

சேவை நடத்துபவர்களுக்கு: பெயர் உங்கள் சர்வரைக் காட்டுவது உரிமைக்குச் சாட்சி ஆகாது. கணக்குக்குக் கணக்கு வேறுபடும் ஒரு எழுத்துச்சரத்தை, வாடிக்கையாளர் தன் டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி பதிவாக (வெறும் உரையை வைக்கும் பதிவு) போடச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகே பெயரைக் கணக்கோடு இணையுங்கள். "வாடிக்கையாளருக்கு ஒரு படி கூடுதல் வேலை, பாதியில் ஓடிவிடுவார்" என்று விற்பனைப் பிரிவு சொல்லும். சொல்லட்டும். கணக்கு மூடப்பட்டதும் அந்தப் பெயரை அடுத்தவருக்குத் திறந்துவிடாதீர்கள். பழைய சிநேம் உயிரோடு இருக்கும்வரை அதைத் தடுத்து வைத்திருங்கள்.

யாரோ ஒருவர் பிரவுசரில் ஒரு பெயரைத் தட்டியவுடன் அந்த நொடியே சான்றிதழ் வாங்கும் வசதியை 'கேடி' (Caddy) போன்ற வெப் சர்வர் மென்பொருள்கள் தருகின்றன. அருமையான வசதி. ஆனால் "இந்தப் பெயர் நம் வாடிக்கையாளருடையதா?" என்று உங்கள் தரவுத்தளத்தைக் கேட்காமல் அதைத் திறந்துவைத்தால், எவனோ ஒருவன் ஆயிரக்கணக்கான பெயர்களை உங்கள் பக்கம் திருப்பி, நீங்கள் வாங்கக்கூடிய சான்றிதழ்களின் வரம்பைத் தின்றுவிடுவான்.

வரம்பு என்றதும் இன்னொன்று. உங்கள் சொந்த டொமைனின் கீழ் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிச் சான்றிதழ் வாங்கினால், லெட்ஸ் என்கிரிப்டின் பொது வரம்பு ஒரு டொமைனுக்கு 7 நாளில் 50 புதுச் சான்றிதழ்கள். அதற்கு மேல் சேருகிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். வைல்டு கார்டு சான்றிதழ் (ஒரு டொமைனின் எல்லா சப்டொமைன்களுக்கும் பொதுவான ஒன்று) இதைத் தீர்க்கும். ஆனால் அது ஒரு அடுக்கை மட்டுமே மூடும், புள்ளி வைத்து இன்னொரு அடுக்கு உள்ளே போனால் பிரவுசர் மறுத்துவிடும். கோப்புக்குப் பதில் டிஎன்எஸ்ஸில் ஒரு சோதனைப் பதிவு போட்டுத்தான் அதை வாங்க முடியும் என்பதால், டொமைன் முழுவதையும் மாற்றக்கூடிய ஏபிஐ சாவியை (மென்பொருளே டிஎன்எஸ்ஸை மாற்ற உதவும் ரகசியக் குறியீடு) கொண்டுபோய் வெப் சர்வரிலேயே வைத்துவிடுகிறார்கள். வேண்டாம். அந்தச் சோதனைப் பதிவை மட்டும் சிநேம் போட்டு வேறொரு சிறு டொமைனுக்குத் திருப்புங்கள். சாவி அந்தச் சிறு டொமைனுக்கு மட்டும் இருந்தால் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, உங்கள் சொந்த லாகின் இருக்கும் டொமைனின் கீழேயே வாடிக்கையாளருக்கு சப்டொமைன் கொடுப்பது. அங்கே அவர் ஜாவாஸ்கிரிப்ட் எழுதலாம் என்றால், உங்கள் மேல் டொமைனுக்கு அவர் குக்கி (பிரவுசரில் தளம் சேமிக்கும் சிறு குறிப்பு) போடலாம். மேல் டொமைன் முழுவதற்கும் நீங்கள் போட்ட குக்கிகள் அவருடைய பக்கத்துக்கும் போகும். மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் பயனர்களின் பக்கங்களை 2013-இல் கிட்ஹப்.ஐஓ என்ற தனி டொமைனுக்கு மாற்றியதற்குக் காரணமே இதுதான். தனி டொமைன் வாங்குங்கள், அதைப் பப்ளிக் சஃபிக்ஸ் பட்டியலில் (எந்தப் பெயர்களின் கீழ் பலரும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிரவுசர்களுக்குச் சொல்லும் பொதுப் பட்டியல்) சேர்க்க விண்ணப்பியுங்கள். பட்டியலில் சேர்ந்தபின் பிரவுசர்கள் ஒவ்வொரு சப்டொமைனையும் தனித்தனித் தளமாக நடத்தும். அட்மின், மெயில், லாகின், சப்போர்ட் போன்ற பெயர்களை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். யாரோ எடுத்துக்கொண்ட பிறகு திரும்பக் கேட்பது வீண் சண்டை.

சான்றிதழ் வரவில்லை என்று புகார் வந்தால் முதலில் இரண்டு இடம் பாருங்கள்: வாடிக்கையாளரின் டிஎன்எஸ்ஸில் பழைய ஐபிவி6 முகவரிப் பதிவு வேறெங்கோ காட்டுகிறதா, அவருடைய சிஏஏ பதிவு (எந்த நிறுவனம் சான்றிதழ் தரலாம் என்று சொல்வது) வேறு நிறுவனத்தை மட்டும் அனுமதிக்கிறதா. பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

சான்றிதழின் காலாவதித் தேதியை நினைவில் வைக்க மின்னஞ்சலை நம்பியிருக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நினைவூட்டல் மடல்களை நிறுத்திவிட்டது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச்சில் 47 நாளாகக் குறையப் போகிறது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இப்போதே அதை விட்டுவிடுங்கள்.

இப்போது டொமைன் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சேவையை விட்டு வெளியேறும்போது முதலில் டிஎன்எஸ் பதிவை நீக்குங்கள், அது எங்கும் மறைந்த பிறகு கணக்கை மூடுங்கள். வரிசை மாறினால் நடுவில் ஒரு வாசல் திறந்துகிடக்கும். இன்றைக்கே உங்கள் டிஎன்எஸ் பட்டியலைத் திறந்து, வெளியே போகும் ஒவ்வொரு சிநேமுக்கும் "இந்தக் கணக்கு இன்னும் நம்மிடம் இருக்கிறதா, யார் பணம் கட்டுகிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத பதிவை எடுத்துவிடுங்கள். அதோடு, பிரவுசர்கள் ஏற்கும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. அங்கே உங்கள் டொமைனைத் தேடலாம், புதிது வந்தால் எச்சரிக்கை வரும்படியும் வைக்கலாம். நீங்கள் கேட்காத சான்றிதழ் ஒன்று கண்ணில் பட்டால், விளக்கம் கேட்டு மடல் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் டிஎன்எஸ் பதிவை வெட்டுங்கள், அடுத்து சான்றிதழை ரத்துசெய்யக் கேளுங்கள், சேவைக்குச் சொல்வது அதற்கும் அடுத்து.