பைத்தியப் பசு நோய்: பிரிட்டனின் விதிகள் என்ன சொல்கின்றன?

பைத்தியப் பசு நோய் மாட்டின் மூளையைச் சிதைப்பது. அது மனிதர்களுக்கு வராமல் தடுக்கத்தான் இந்த விதிகள். பிரிட்டனில் ஒரு வயதைத் தாண்டிய மாட்டை அறுத்தால், கீழ்த்தாடை நீங்கலாக அதன் மண்டையோடு, மூளை, கண்கள், தண்டுவடம் எதையும் உணவில் சேர்க்கக் கூடாது. 30 மாதம் தாண்டிவிட்டால் முதுகெலும்பும் கூடாது. சிறுகுடலின் கடைசி நான்கு மீட்டருக்கு வயது வரம்பே இல்லை. இளங்கன்றாக இருந்தாலும் விலக்கத்தான் வேண்டும். வெட்டியெடுத்ததை யாரும் தவறிக்கூட விற்றுவிடாதபடி நீலச் சாயம் பூசி, அழிப்பதற்கு அனுப்புகிறார்கள்.

நன்றாக வேகவைத்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. இந்த நோயைத் தருவது கிருமி அல்ல. பிரியான் எனப்படும், உருக்குலைந்து மடிந்த ஒரு புரதம். அது பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடுகிறது. உயிரில்லாத பொருளைச் சமையல் சூட்டால் கொல்ல முடியாது. அதனால்தான் சட்டம் அடுப்பை நம்பாமல் கத்தியை நம்புகிறது.

நோய் 1986இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. புல் தின்னும் விலங்குக்கு, செத்த விலங்குகளின் இறைச்சி, எலும்புத் தூளைத் தீவனமாகப் போட்டதன் விளைவு அது. 1988 ஜூலையில் மாடு, ஆடுகளுக்கு அந்தத் தூளைத் தரத் தடை வந்தது. பன்றிக்கும் கோழிக்கும் தடை இல்லை. எல்லாத் தீவனமும் ஒரே ஆலைகளில் அரைபட்டதால் மிச்சம் மீதி மாட்டுத் தீவனத்திலும் கலந்தது. தடைக்குப் பின் பிறந்த மாடுகளும் ஆயிரக்கணக்கில் நோயுற்றன. பண்ணை விலங்கு எதற்கும் அந்தத் தூள் கூடாது என்ற முழுத் தடைக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரைகுறைத் தடையின் விலை அது. அதே ஆண்டு மார்ச் 20 அன்றுதான், இந்த நோய்க்கும் மனிதர்களின் மூளையைத் தாக்கிய மாற்று வகை கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்நோயால் பிரிட்டனில் 178 பேர் இறந்திருக்கிறார்கள். மருந்து இல்லை.

மாடு வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? கன்று பிறந்து 20 நாளுக்குள் காதில் அடையாள வில்லை, 27 நாளுக்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம். ஆம், மாட்டுக்குப் பாஸ்போர்ட்தான். அது இல்லாத மாடு இறைச்சிக்குப் போக முடியாது. மாடு மிரண்டாலோ, தள்ளாடினாலோ, சந்தேகம் வந்த உடனே கால்நடை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. 48 மாதம் தாண்டிய மாடு பண்ணையில் தானாக இறந்தாலும் மூளைப் பரிசோதனை கட்டாயம்.

நோய் உறுதியானால் அந்த மாட்டின் கன்றுகளையும், அதே மந்தையில் அதற்கு ஓராண்டு முன்பின் பிறந்தவற்றையும் தேடிப் பிடித்துக் கொல்கிறார்கள். இழப்பீடு உண்டு. 1988இல் நோயுள்ள மாட்டுக்குச் சந்தை விலையில் பாதிதான் கொடுத்தார்கள். நோயை மறைக்கத் தூண்டும் கஞ்சத்தனம் என்ற கண்டனம் எழுந்து, 1990இல் முழு விலையானது.

இவ்வளவும் இன்னும் தேவையா? 2024இல் ஸ்காட்லாந்தில் ஒரு மாட்டுக்கு நோய் கண்டறியப்பட்டது. தீவனத் தொடர்பில்லாமல், வயதான மாட்டில் தானாகவே தோன்றும் அரிய வகை அது. தீவனத் தடையால் அதைத் தடுக்க முடியாது. அதனால் மற்ற விதிகளும் வேண்டியிருக்கின்றன.

 மனிதர்களுக்கு வரும் அந்த மாற்று வகை நோய், ரத்தம் ஏற்றியதன் வழியாகவும் சிலருக்குத் தொற்றியிருக்கிறது. எனவே 1980க்குப் பின் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் பிரிட்டனில் ரத்த தானம் செய்யக் கூடாது என்று 2004இல் விதி வந்தது.