வாடைக்காற்று வந்தால் குண்டு ஏன் மேலே ஏறுகிறது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். துப்பாக்கி சுடும் போட்டிப் பயிற்சிக்கு அவர் பயன்படுத்துவது மரக்கட்டை போட்ட பழைய பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குண்டு) போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஐம்பது மீட்டரில் நடுவில் விழுகிற குண்டுகள் வாடை தொடங்கியதும் கூட்டமாக மேலே ஏறி இடப்பக்கம் ஒதுங்கிவிடுகின்றனவாம். குறிபார்க்கும் சைட்டைத் திருப்பிச் சரிசெய்தால் பங்குனியில் எல்லாம் மறுபடி கீழே இறங்கிவிடுகிறது. குண்டு பாயும் குழலான பேரல் தேய்ந்துவிட்டதா, மாற்ற வேண்டுமா என்பது அவர் கேள்வி.

மாற்ற வேண்டாம். பேரல் தேய்ந்திருந்தால், அல்லது வாய்ப்பகுதியில் துருவோ வெட்டோ இருந்தால், குண்டுகள் சிதறும். இவருக்குக் கூட்டம் கலையவில்லை, கூட்டமே இடம்பெயர்கிறது. கடற்காற்று என்றும் சொல்ல முடியாது, காற்று குண்டைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும், அதுவும் ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒவ்வொரு அளவில் தள்ளும், மாதக்கணக்கில் ஒரே திசையில் ஒரே அளவில் தள்ளாது. பருவத்தோடு சேர்ந்து மாறும் பொருள் அந்தத் துப்பாக்கியில் ஒன்றே ஒன்றுதான்: மரம்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஐம்பது மீட்டர் இலக்கு அட்டையில் பத்து என்ற வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 5.6. வட்டக் கோட்டை ஓரமாகத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை தவறலாம். 65 சென்டிமீட்டர் பேரலின் நுனி ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் சாய்ந்தால் போதும், ஐம்பது மீட்டரில் குண்டு ஏறக்குறைய 7.7 மில்லிமீட்டர் விலகியிருக்கும். மையத்தில் இருந்த குண்டு பத்தின் விளிம்புக்குப் போய்விடும். எட்டாம் வகுப்பு ஒத்த முக்கோணக் கணக்குதான் இது.

எஃகுக் குழலை மரம் சாய்க்குமா என்று கேட்பீர்கள். நன்றாகச் சாய்க்கும். 16 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய பேரலை, அது பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, நூறு கிராம் எடை அழுத்துகிற அளவுக்கு அழுத்தினாலே குண்டு ஐம்பது மீட்டரில் ஆறு மில்லிமீட்டர் நகரும். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்றபடி கூடுகிறது, விட்டம் இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்கு. போட்டி ரைஃபிள்களின் பேரல் அவ்வளவு தடிமனாக, தூக்கவே கனமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுடும்போது பேரல் அதிரவும் செய்கிறது. எங்கோ ஓரிடத்தில் மரம் முட்டிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வும் மாறிப்போகும்.

சரி, மரம் ஏன் வீங்குகிறது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசை, எனக்கு இயற்கையில் மிகவும் பிடித்த அமைப்புகளில் இது ஒன்று.

மரத்தின் ஒவ்வொரு செல்லும் நீளவாக்கில் நிற்கும் மெல்லிய குழாய். அந்தக் குழாயின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது, சுவரின் தடித்த நடு அடுக்கில் இந்த இழைகள் ஏறக்குறைய குழாயின் நீளத்தை ஒட்டியே லேசான சாய்வில் சுற்றப்பட்டிருக்கின்றன. செல்லுலோஸ் முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள், அவற்றுக்குத் தண்ணீர் மூலக்கூறு என்றால் அவ்வளவு ஈர்ப்பு. காற்றில் ஈரம் கூடும்போது நீர் மூலக்கூறுகள் ஆவியாகவே உள்ளே வந்து இழைக் கட்டுகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்து அவற்றை ஒன்றையொன்று விட்டுத் தள்ளுகின்றன. மழையில் நனைய வேண்டும் என்றுகூட இல்லை. இழைகள் நீளவாக்கில் கிடப்பதால் மரம் குறுக்கேதான் வீங்கும், நீளத்தில் அனேகமாக வளராது. துப்பாக்கிக் கட்டைக்குப் பெயர்போன வால்நட் வகைகளில் கறுப்பு வால்நட்டை எடுத்துக்கொண்டால், பச்சை மரம் முழுக்கக் காயும்போது வளையத்தின் போக்கில் 7.8 சதவீதம் சுருங்குகிறது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 5.5 சதவீதம், நீளத்திலோ பெரும்பாலும் 0.2 சதவீதத்துக்கு மேல் போகாது. ஒரே மரம், மூன்று திசைக்கு மூன்று குணம்!

நம் கடற்கரையில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையேற்றி வெயிலில் கிடந்த மரப்படகின் பலகை இடுக்குகள் விரிந்துகொள்வதும், தண்ணீரில் விட்ட பிறகு பலகைகள் ஊறிப் பருத்து இடுக்கு தானாக அடைபடுவதும் இதே வேலைதான்.

கணக்கு போடலாம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் தன் எடையில் சுமார் 9 சதவீதம் நீரோடு நிலைகொள்ளும், 80 ஆனால் சுமார் 16. செல் சுவர் முழுக்க நிரம்புவது ஏறக்குறைய 30 சதவீதத்தில். அப்படியானால் 9லிருந்து 16க்குப் போகும்போது 40 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டை 0.7 மில்லிமீட்டர் வரை பருக்கலாம். மேலே நாம் கவலைப்பட்டது 0.1 மில்லிமீட்டருக்கு! இன்னொன்றும் உண்டு. கட்டையின் வெளிப்பக்கம் பளபளவென்று வார்னிஷ் இருக்கும், பேரல் படுத்திருக்கும் பள்ளத்தின் உள்ளே பல துப்பாக்கிகளில் ஒன்றுமே பூசியிருக்காது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால், அதிலும் மரத்தின் நார் ரேகை சாய்வாக ஓடும் கட்டை என்றால், முன்பகுதி முறுக்கிக்கொள்ளும். தம்பியின் குண்டு மேலும் இடமுமாக ஏறுகிறது என்றால் கட்டை பேரலைக் கீழ் வலப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. ஈரம் தடித்த மரத்துக்குள் போகவும் வரவும் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், இன்றைய மழைக்கும் இன்றைய குறிக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும்.

அந்தத் தாமதம்தான் தவறான காரணங்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆயுத பூஜை முடிந்து சில வாரங்களில் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும், குறி மாறும், உடனே பூஜையில் குறை, கண்திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பூஜை செய்வது அவரவர் விருப்பம், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் நன்றாகச் சுடும் ஒரு பிள்ளையிடம் உன் ராசி சரியில்லை என்று சொல்லி அதன் நம்பிக்கையைக் கெடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஐம்பது ரூபாய் காகிதச் சுருளில் முடிகிற சோதனை இருக்கும்போது ராசி எதற்கு?

அந்தச் சோதனை இதுதான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வைத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, ஒரு தாள் பட்டையைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே நுனியில் செருகிப் பின்னோக்கி இழுங்கள். பேரலின் பின்முனையில் போல்ட் ஓடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷன் அருகே வரும்வரை தடையில்லாமல் ஓட வேண்டும். எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் முட்டுகிறது. இதை ஆடியில் செய்து திருப்திப்படாதீர்கள், கார்த்திகையில் செய்யுங்கள், ஆடியில் ஓடுகிற தாள் கார்த்திகையில் நின்றுவிடும். முட்டுகிற இடத்தை, உருண்டைக் கழியில் உப்புத்தாள் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை திறக்கலாம். பருப்பதற்கும் போக அதிர்வதற்கும் இடம் மிஞ்சும்.

தேய்த்த பள்ளத்தை அப்படியே விடக் கூடாது. ஆளி விதை எண்ணெய் பார்க்க அழகு, ஆனால் நீராவியைத் தடுப்பதில் மிகவும் பலவீனம். பாலியூரிதேன் வார்னிஷ் அல்லது மெல்லிய எபாக்சி பிசின் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். கட்டையின் முன்நுனி, பின்பக்கத் தகட்டின் அடிப்பகுதி, திருகுத் துளைகள், இந்த இடங்களில் மரக்குழாய்களின் வாய் திறந்திருப்பதால் ஈரம் பல மடங்கு வேகமாக உள்ளே போகும், அங்கே தாராளமாகப் பூசுங்கள். பூச்சு ஈரத்தை முற்றாக நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும்.

அப்புறம் ஆக்‌ஷனைக் கட்டையோடு பிடிக்கும் திருகுகள். மரம் பருக்கும்போது திருகு தானாக இறுகும், காயும்போது தளரும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து திருகும் கருவி) இறுக்கிப் பருவத்துக்கு ஒருமுறை பாருங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் திருகைச் சுற்றி அலுமினியக் குழாய் வைத்து, ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எபாக்சி நிரப்பிப் படுக்கை அமைக்க வேண்டும். உலோகத்தில் மெழுகு பூச மறந்தாலோ திருகுத் துளையில் எபாக்சி இறங்கினாலோ துப்பாக்கி கட்டையோடு ஒட்டிப்போகும், ஆகவே இதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் கொடுப்பது நல்லது. ட்ரிகர், போல்ட், பேரல் வாய் இவற்றில் வீட்டில் கை வைக்கவே வேண்டாம், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுது பார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் தேவை. மரத்தைத் தேய்ப்பதற்கு முன்பும் கிளப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இதே ஐம்பது மீட்டர் பாயிண்ட் 22 பிரிவில்தான். அந்த மட்டத்தில் இன்று அலுமினியக் கட்டைதான் பெரும்பாலும், விலையோ லட்சங்களில். மரக்கட்டையோடு போராடும் நம் பிள்ளைகளுக்கு அறிவுதான் கைகொடுக்க வேண்டும். 1948இல் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது, உப்புக்காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று நமக்குச் சொல்லும் ஆய்வுகள் அங்கிருந்து வருகின்றன. அதே உப்புக்காற்றில் மரம் என்ன ஆகிறது என்று வருடம் முழுக்க அளப்பதற்கு ஒரு வெர்னியரும் ஈரப்பதமானியும் போதும், பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு பள்ளிக்கூடம் செய்யலாம். இதற்குப் பணம் கொடுக்க நம் மாவட்டத்தில் ஆளில்லை என்று நான் நம்பவில்லை, கேட்பவர்கள்தான் குறைவு.

தம்பிக்குக் கடைசியாக ஒன்று. கட்டையைச் சரிசெய்ததும் சைட்டைத் தொடாமல், இலக்கு அட்டையின் ஓரத்தில் அன்றைய ஈரப்பதத்தைக் குறித்துவைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கச் சுடுங்கள். கூட்டம் அதன் பிறகும் நகர்ந்தால் சைட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைச் சந்தேகப்படுங்கள்.