முட்டிக்கு லேசு, இதயத்துக்கு அல்ல

முட்டி தேய்ந்துவிட்டது, நடக்க வேண்டாம் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருப்பார். "அப்போ நீச்சல் போங்க, உடம்புக்கு லேசு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகாதவர், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் துண்டோடு கிளம்பிவிடுகிறார். பாதி தூரத்தில் மூச்சு முட்டி, கயிற்றைப் பிடித்துத் தொங்கி, அங்கிருந்து நேராக எமர்ஜென்சி. ஒவ்வொரு கோடையிலும் இதேதான்.

தண்ணீர் தாங்குவது உங்கள் எடையை. இதயத்தின் வேலையை அது தாங்காது, கூட்டும். கழுத்தளவு தண்ணீரில் சும்மா நின்றாலே, காலிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தத்தில் சுமார் 700 மில்லி மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. நிமிடத்துக்கு இதயம் இறைக்கும் ரத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இன்னும் கையைக்கூட வீசவில்லை! நல்ல இதயம் இந்தக் கூடுதல் வரவைச் சமாளித்துப் பழகும். பலவீனமான இதயம் திணறும். இதயச் செயலிழப்பு (இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ளவர்கள் "தண்ணிக்குள்ள சுகமாத்தான் டாக்டர் இருந்துச்சு" என்பார்கள். பொய் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறும்போதும் வெளியே சுகமாகத் தோன்றுவது தண்ணீரின் குணம். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நோயாளியின் பேச்சை நாங்கள் நம்புவதில்லை.

முறையாகப் பழகினால் பலன் உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் கூடும், ஓய்வுத் துடிப்பு இறங்கும், அதே தூரத்தைக் குறைந்த இளைப்பில் கடப்பீர்கள். நடுத்தர வயது தாண்டியவர்களை வைத்துச் செய்த 12 வார ஆய்வு ஒன்றில் மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 131-லிருந்து 122-க்கு இறங்கியது. அதற்காக, நீந்துகிறவனுக்கு அடைப்பே வராது என்று யாரும் மார்தட்ட வேண்டாம். 2011 ஷாங்காய் உலகப் போட்டியில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்ற நார்வேயின் அலெக்சாண்டர் டாலே ஓவன், அடுத்த ஏப்ரலிலேயே 26 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது இதய ரத்தக்குழாய் நோய்.

அடுத்த தலைவலி, கையில் கட்டிய, துடிப்பு காட்டும் வாட்ச். உச்சத் துடிப்புக்கான "220 கழித்தல் வயது" என்ற கணக்கு தரைக்கானது. நீந்தும்போது உச்சத் துடிப்பு 10 முதல் 15 வரை குறைவாகவே இருக்கும். தரையில் வைத்த இலக்கைத் தண்ணீரில் எட்டப் பார்த்தால் தேவைக்கு மேல் உழைக்கிறீர்கள் என்று அர்த்தம். மெட்டோப்ரோலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த எண் சுத்தமாக உதவாது. சுவரைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச வருகிறதா? வந்தால் வேகம் சரி.

புதிதாகக் கற்பவருக்கு இன்னொரு சிக்கல். மூச்சு விடும் முறை கைவராதவர், தேர்ந்தவரைவிடப் பல மடங்கு சக்தியைச் செலவழித்துத்தான் அதே 25 மீட்டரைக் கடப்பார். நடைப்பயிற்சியில் களைத்தால் நின்றுவிடலாம், குளத்தின் நடுவில் நிற்க முடியாது. ஆகவே முதல் இரண்டு வாரம் ஆழம் குறைந்த பக்கத்தில், 5 நிமிடம் மெதுவாக உடலைச் சூடாக்கி, 25 மீட்டர் எட்டு முறை, நடுவில் 45 விநாடி ஓய்வு. வாரம் மூன்று நாள் போதும். பட்டர்ஃப்ளை கனவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் டிரெட்மில் டெஸ்ட் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் இறங்க வேண்டும்.

முடித்ததும் ஏணியில் விறுவிறுவென ஏறாதீர்கள். தண்ணீரின் அழுத்தம் விலகியவுடன் ரத்தம் காலுக்கு இறங்கும், தலை சுற்றும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் ஏணியைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் ஒரு நிமிடம் நின்று, பிறகு ஏறி, உடனே உட்காருங்கள்.

வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் ஒரு நீளம் கடக்கும் பந்தயம் கூடவே கூடாது. அப்படி இழுத்தால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. மூச்சு எடுக்கத் தூண்டும் கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். எச்சரிக்கையே இல்லாமல் நினைவு போகும். கோச்சுகளே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை தண்ணீரில் திடீரென மயங்கினால், "தண்ணி குடிச்சிட்டான்" என்று விட்டுவிடாதீர்கள். இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் நீண்ட க்யூடி என்ற பரம்பரைக் கோளாறின் முதல் வகைக்கு நீச்சலே தூண்டுகோல். இசிஜி எடுத்து, க்யூடி இடைவெளி (ஒரு துடிப்பில் இதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் பாய்ந்து அடங்கும் நேரம்) எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சாதாரண இசிஜியில் தப்பிவிடலாம் என்பதால் டிரெட்மில்லும் தேவைப்படலாம். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணமோ, காரணம் தெரியாமல் மூழ்கிய சாவோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உறுதியானால் கூடப்பிறந்தவர்களுக்கும் இசிஜி எடுக்க வேண்டும், பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பாதீர்கள்.