ஹார்மோன் எடுக்கும் திருநங்கையரும் திருநம்பியரும் இதயம் குறித்து அறிய வேண்டியவை

இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு திருநங்கை என்னிடம் வந்தார். மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார். டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்த பிறகு, மறுபடியும் பொறுமையாகக் கேட்டபோதுதான் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். கருத்தடை மாத்திரை, நாளொன்றுக்கு நான்கு வீதம் இரண்டு ஆண்டுகளாக விழுங்கி வந்திருக்கிறார். “சொன்னா திட்டுவீங்களோன்னு பயமா இருந்துச்சு, டாக்டர்” என்றார்.

அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எங்கள் துறைக்குப் பெரும் பங்கு உண்டு. ஹார்மோனை முறையாக எழுதிக் கொடுக்க வேண்டிய மருத்துவர்கள் முகம் சுளித்துத் திருப்பி அனுப்பும்போது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதைத்தான் அவர்கள் வாங்குவார்கள்.

கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோன். கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாத இது, ரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாக உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. ஒரு மாத்திரையில் 0.03 மில்லிகிராம் என்றால் நான்கில் 0.12 மில்லிகிராம், முன்பு ஆம்ஸ்டர்டாமில் திருநங்கையருக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்ட 0.1 மில்லிகிராமை விடவும் இது அதிகம். அந்த நகரத்தின் நோயாளிகளை நெடுங்காலம் கண்காணித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இம்மருந்தை அப்போதும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதய, ரத்தநாள நோய்களால் இறக்கும் ஆபத்து மும்மடங்காக இருந்ததைக் காட்டியது. இன்று நாங்கள் பரிந்துரைப்பது உடலில் இயல்பாகச் சுரப்பதை ஒத்த எஸ்ட்ராடியால். அதிலும், தோலில் தடவும் ஜெல் கல்லீரலை முதலில் சென்றடையாமல் நேரே ரத்தத்தில் கலப்பதால், புகைப்பவர்களுக்கும் உடல் எடை கூடியவர்களுக்கும் அதையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறேன். ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. ஆனால் சிகிச்சையே கூடாது என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதும் அல்ல.

ஈஸ்ட்ரோஜன் எடுக்கும்போது தசை குறைந்து கொழுப்பு கூடுவதால், குடும்பத்தில் யாருக்கேனும் சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் சர்க்கரையையும் கொழுப்பையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் திருநம்பியரின் சிக்கல் வேறு. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறையும்; டிரைகிளிசரைடு என்ற மற்றொரு கொழுப்பு உயரும்; ரத்தச் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் தடிக்கும். பரிசோதனைக்கூடம் பெண்களுக்கான அளவை வைத்து ஹீமோகுளோபினுக்கு எதிரே சிவப்பில் குறியிட்டு அனுப்பும்போது பலர் பதறிப்போய் ஊசியைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவரின் அறிக்கையை ஆண்களுக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும். ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் ஊசியின் அளவைக் குறைக்கவோ சில காலம் நிறுத்தவோ வேண்டியிருக்கும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். முதல் ஆண்டில் மூன்று மாதத்திற்கொரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறையும் ரத்தப் பரிசோதனை அவசியம். புகைப்பழக்கத்தை விடுவது இருசாராருக்குமே எந்த மருந்துச் சீட்டையும் விடப் பயன் தரும்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே பெயரைக் கேட்கும்போதே ஹார்மோன் எடுப்பதையும் சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.