வீப்பிங் எல்ம்: அழும் மரமா, தாழும் மரமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் நிலம். அங்குள்ள ஒவ்வொரு மரத்திலும் தகரத்தில் தமிழ்ப்பெயர் எழுதிக் கட்டியிருப்பார். போன மாதம் ஸ்காட்லாந்தில் படிக்கும் பேத்தி ஒரு மரத்தின் படத்தை அனுப்பியிருக்கிறாள். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தண்டு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கிளைகள் குடைக்கம்பிபோல வளைந்து தரையைத் தொடுகின்றன. பெயர் 'வீப்பிங் எல்ம்'. கைப்பேசியில் மொழிபெயர்த்தால் 'அழுகிற எல்ம்' என்று வந்ததாம்.

"தம்பி, வாசல்ல அழுகிற மரம்னு யாராவது பலகை மாட்டுவாங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அதற்கு முன் ஒன்று. இந்த மரம் பெரிய தோட்டங்களில் அழகுக்கு வளர்ப்பது. ஆனால் நம் பக்கம் 'பெரிய தோட்டம்' என்றால் ரப்பரும் செம்பனையும் லயமும் கங்காணியும்தான் கண்முன் வரும். ஆகவே பூந்தோட்டம் என்றே எழுதுகிறேன்.

சரி, எல்ம். இது பழைய ஆங்கிலத்திலேயே ஏறக்குறைய இதே வடிவில் இருந்த சொல். லத்தீனில் 'உல்மஸ்'. இரண்டும் உறவுக்காரச் சொற்கள். தாவரவியலில் பேரினப் பெயராக நிலைத்தது லத்தீன் சொல். குளிர்நாட்டு மரம், பனிக்காலத்தில் இலை உதிர்க்கும். அடையாளம் இலையின் அடிப்பகுதியில் இருக்கிறது: காம்பின் ஒரு பக்கம் இலை சற்றே மேலே தொடங்கும், மறுபக்கம் கீழே இறங்கியிருக்கும். தையற்காரர் காலர் வெட்டும்போது கை தவறியதுபோல இருக்கும். விதையைச் சுற்றிக் காகிதம்போல மெல்லிய சிறகு.

தமிழில் எல்ம் என்ன என்று தேடினால் சில அகராதிகள் 'ஒருவகை மரம்' என்று எழுதிக் கைகழுவிவிடுகின்றன. ஆனால் தமிழ்நாட்டுக் காடுகளில் இதன் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் உண்டு: ஆயா மரம். ஆவிமரம் என்றும் சொல்வார்கள். இலையைக் கசக்கினால் நாற்றம் குடலைப் புரட்டும். காயில் அதே வட்டச் சிறகு. சோழமண்டலக் கரையின் செடிகொடிகளை ஆராய்ந்த ராக்ஸ்பர்க் இதை உல்மஸ் பேரினத்திலேயே சேர்த்தார். 1848இல் பிளான்ஷான் என்ற தாவரவியலாளர் பிரித்தெடுத்து ஹோலோப்டீலியா என்று தனிப் பேரினமாக்கினார். ஆங்கிலத்தில் இன்னும் 'இந்திய எல்ம்'தான்.

அப்படியானால் எல்முக்கு ஆயா என்றே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குடும்பப் பெயராக என்றால் சரி. ஆயா குடும்பம் என்று சொன்னால் எல்மும் அதில் அடங்கும். ஆனால் ஸ்காட்லாந்து மரத்தைக் காட்டி 'ஆயா' என்று எழுதினால் அது பொய். பெரியப்பா மகனை என் தம்பி என்று சொல்லலாம், அடையாள அட்டையில் அவன் பெயரை எழுத முடியாது. அப்புறம், தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு ஆயா என்றால் ஆயாக்கொட்டகைதான் நினைவுக்கு வரும். விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும் அம்மா பிள்ளையை விட்டுப்போகும் இடம். 'அழுகிற ஆயா' என்று பலகை மாட்டினால் ஊரே சிரிக்கும்.

ஆகவே எல்ம் எல்மாகவே இருக்கட்டும். மாற்ற வேண்டியது 'வீப்பிங்'கைத்தான்.

ஆங்கிலத்தில் கிளை கீழ்நோக்கி வளரும் மரத்தையெல்லாம் அழுவதாகச் சொல்வது வழக்கம். இந்த வரிசையில் பேர்போனது வில்லோ. பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதவர்கள் தங்கள் கின்னரங்களை மரத்தில் தூக்கிவைத்ததாக 137ஆம் சங்கீதம் சொல்கிறது. ஆங்கில விவிலியத்தில் அந்த மரம் வில்லோ. அந்த நினைவில்தான் தாவரவியலாளர் லின்னேயஸ் ஒரு வில்லோவுக்கு 'பாபிலோனிகா' என்று பெயர் வைத்தார். அந்த மரமோ சீனத்தைச் சேர்ந்தது. தமிழில் பெயர்த்தவர்கள் அதே இடத்தில் 'அலரிச்செடி' என்று போட்டார்கள். மரம் மாறினாலும் அழுகை மட்டும் மாறவில்லை.

தமிழில் கிளை வளைவதை அழுகையாகப் பார்க்கும் வழக்கம் இல்லை. நமக்குக் கொம்பு வளையும், கிளை தாழும், கொடி துவளும். லத்தீன் பெயர்களில் வரும் 'பெண்டுலா'வும் அழுகையைச் சொல்லவில்லை, 'தொங்குவது' என்றுதான் சொல்கிறது. அப்படியானால் தொங்குகிளை என்று வைக்கலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. தொங்குவது என்றால் மேலே பிடிப்பு, கீழே ஊசலாட்டம், காதில் தொங்கட்டான்போல. இந்த மரத்தின் கிளை ஊசலாடுவதில்லை, வளர்ந்துகொண்டே இறங்குகிறது. விழுது என்பதும் ஆகாது, அது ஆலமரத்தின் வேர். 'தாழ்கிளை' என்பதே பொருத்தம். வினைத்தொகை: தாழ்ந்த, தாழ்கின்ற, தாழும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். ஆகவே வல்லினமும் மிகாது. 'தாழ்க்கிளை' என்று எழுதிவிடாதீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மரத்தின் மூல இனத்துக்கு ஆங்கிலத்தில் 'விச் எல்ம்' என்று பெயர். சூனியக்காரியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. அந்த 'விச்' பழைய ஆங்கிலத்தில் வளையக்கூடியது, துவளக்கூடியது என்று பொருள்படும். ஆக, ஆங்கிலேயரே முதலில் வளைவைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அழகுக்கு வைக்கும் தாழ்கிளை எல்ம்களில் புகழ்பெற்றது கேம்பர்டவுன் எல்ம். 1830களின் பிற்பாதியில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்கருகே, கேம்பர்டவுன் பிரபுவின் பண்ணைக் காட்டில் ஒரு கிளை தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்ததைத் தலைமை வனக்காவலர் டேவிட் டெய்லர் கண்டார். அதை விச் எல்மின் தண்டில் ஒட்டுக்கட்டினார்கள். ஊர்வது உயரத்தில் ஏறியதும் குடையாகிவிட்டது. இன்று உலகில் உள்ள கேம்பர்டவுன் எல்ம்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் ஒட்டுகள். நியூயார்க்கின் ப்ராஸ்பெக்ட் பூங்காவில் 1872இல் நட்டது இன்னும் பேசப்படுகிறது.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. ரப்பர் நாற்றங்காலில் நின்றவர்களுக்குத் தெரியும். அடிக்கன்றின் பட்டையைக் கத்தியால் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டுப்பட்டையை உள்ளே செருகி, நாடா சுற்றுவார்கள். மூன்று வாரம் கழித்துப் பிரித்து நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது, கறுத்திருந்தால் போயிற்று. பிறகு மேல்தண்டை வெட்டிவிடுவார்கள். ரப்பரில் ஒட்டு தரையோரம், எல்மில் தலைக்குமேல், அவ்வளவுதான் வித்தியாசம். ஒட்டுக்குக் கீழே அடிமரம் துளிர்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது நேராக மேலே போய், தாழும் கிளையைப் பட்டினி போட்டுவிடும். குடை நன்றாக அகலும், வீட்டுச் சுவரை ஒட்டி நடக்கூடாது.

'டச்சு எல்ம் நோய்' என்ற பெயரும் ஆளை ஏமாற்றும். நோய் டச்சுக்காரர்கள் கொண்டுவந்தது அல்ல. 1920களில் அதை ஆராய்ந்து காரணம் கண்டவர்கள் டச்சு அறிஞர்கள். பட்டைவண்டு பரப்பும் பூசணம் அது. 1960களின் பிற்பாதியில் தொடங்கிய அலையில் பிரிட்டன் மட்டும் 2.5 கோடிக்கு மேல் எல்ம்களை இழந்தது.

உண்மையிலேயே அழுகிற மரம் வேண்டுமா? அது நம் பின்கட்டிலேயே நிற்கிறது. ரப்பருக்குப் பிரெஞ்சில் 'கவுச்சூக்'. தென்னமெரிக்கப் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்தது, 'அழும் மரம்' என்று பொருள் என்பார்கள். பக்கத்தில் கோல கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. கீறினால் சொட்டும், பால் பிடிக்கும் மங்கு நிறையும். அதை நாம் அழுகை என்று சொல்லவில்லை. பால்மரம் என்றுதான் சொன்னோம்.

வாத்தியாரிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, மரம் இங்கே வளராது என்றும் சொன்னேன். எல்முக்குப் பனிக்கால உறக்கம் வேண்டும். தாழும் கிளைதான் ஆசை என்றால் ஆலமரத்தின் உறவான வாரிங்கின் இருக்கிறது, ஆனால் அதன் வேர் கால்வாயையும் சிமெண்டுத் தரையையும் பெயர்த்துவிடும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கேட்டருகே ஒல்லியாக நிற்கும் நெட்டிலிங்கத்தைக் காட்டினார். கிளையெல்லாம் தண்டோடு ஒட்டிக் கீழே இறங்கியிருந்தது.

"இதுக்கு வெறும் நெட்டிலிங்கம்னுதான எழுதி வெச்சிருக்கேன்?"

மறுநாள் பலகை மாறியிருந்தது. 'தாழ்கிளை நெட்டிலிங்' வரைக்கும் ஒரு வரி. தகரத்தில் இடம் போதாமல் 'கம்' கீழே போயிருந்தது.